ஊராட்சியில் மிச்சம் பிடிக்கணுமா? முதலில் கரண்ட் பில்லை எடுங்கள்

கிராம சபையில் "நிதி இல்லைங்க" என்ற பதிலைக் கேட்காதவர்கள் இங்கே யாரும் இருக்க மாட்டீர்கள். சாக்கடை அடைப்பு என்றாலும் அதே பதில், சுடுகாட்டுப் பாதை என்றாலும் அதே பதில். பல ஊர்களில் அது உண்மையும்கூட. தமிழ்நாட்டின் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளில் பெரும்பாலானவை வீட்டு வரியை மட்டும் வைத்து ஓட முடியாது. அரசு மானியம் வந்தால்தான் வண்டி நகரும். ஆனால் வந்த பணம் எதில் போகிறது என்று உட்கார்ந்து பார்த்துவிட்டு "இல்லை" என்கிறார்களா என்றால், நான் கண்டவரை இல்லை. அப்படிப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது மின்கட்டணம்தான்.

தெரியாதவர்களுக்காக ஒரு விஷயம். ஊராட்சிக்கு மூன்று வங்கிக் கணக்குகள் உண்டு. முதலாவது பொது நிதி. வீட்டு வரி, தொழில் வரி எல்லாம் இதில்தான். மூன்றாவது திட்டப் பணிகளுக்கானது. நடுவில் இருக்கும் இரண்டாவது கணக்கு மின்வாரியத்துக்கும் குடிநீர் வடிகால் வாரியத்துக்கும் கட்டுவதற்கென்றே ஒதுக்கியது. மாநில நிதிக்குழு மானியத்தில் ஒரு பகுதி இதற்குள் வரும், பில்லாக வெளியே போகும். இஷ்டப்படி எடுத்து வேறு வேலைக்குச் செலவழிக்க முடியாது. பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடுதான், சரி. ஆனால் இதனாலேயே அந்தப் பணத்தை யாரும் ஊர்ப் பணமாக நினைப்பதில்லை. பில் வருகிறது, கட்டுகிறார்கள். பணம் போதாவிட்டால் நிலுவை ஏறுகிறது. ஏன் இவ்வளவு வந்தது என்று கேட்க ஆளில்லை.

தெருவிளக்கை எடுத்துக்கொள்வோம். பழைய 40 வாட் ட்யூப் லைட், சோக்கோடு சேர்த்து ஏறக்குறைய 50 வாட் இழுக்கும். அந்த இடத்தில் 20 வாட் எல்.இ.டி. போதும். இரவில் 12 மணி நேரம் எரிகிறது என்றால் ஒரு விளக்குக்கு வருடத்துக்கு 130 யூனிட் மிச்சம். யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் ஆயிரம் ரூபாய்க்கு மேல். ஊரில் 200 விளக்கு இருந்தால் 2 லட்சம். இப்போது பல ஊராட்சிகள் மாற்றிவிட்டன, அதை மறுக்கவில்லை. ஆனால் மாற்றிய பிறகும் காலை 10 மணிக்கு எரிந்துகொண்டிருக்கும் விளக்கை நீங்கள் பார்த்ததில்லையா? எங்கள் பக்கத்தில் கம்பத்தில் இருக்கும் சுவிட்சை ஒருவர் போய்ப் போட வேண்டும், ஒருவர் போய் அணைக்க வேண்டும். அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் அன்று முழுக்க எரியும். 200 எல்.இ.டி. விளக்கு தினமும் நாலு மணி நேரம் கூடுதலாக எரிந்தால் வருடத்துக்கு 5,800 யூனிட், அதாவது 46,000 ரூபாய்க்கு மேல். இதற்கு வேண்டியது ஒவ்வொரு சுவிட்ச் பெட்டிக்கும் ஒரு டைமர், அவ்வளவுதான்.

அடுத்தது மோட்டார். 5 எச்.பி. மோட்டார் மணிக்குச் சுமார் நாலரை யூனிட் எடுக்கும். மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழியும்போதும் அது ஓடிக்கொண்டிருந்தால், தினம் ஒரு மணி நேரக் கணக்கில் வருடத்துக்கு 13,000 ரூபாய். இது ஒரு மோட்டாருக்கு. தொட்டி வழிவதைப் பார்த்து "நம்ம ஊர்ல தண்ணிக்குப் பஞ்சமில்ல" என்று சந்தோஷப்படுகிறவர்களும் இருக்கிறார்கள்! கேட் வால்வில் கசிவு, பைப்லைனில் உடைப்பு இருந்தாலும் இதே கதைதான். நாம் அதைத் தண்ணீர் வீணாவதாக மட்டும் பார்க்கிறோம். அந்தத் தண்ணீரை மேலே ஏற்றவும் கரண்டுக்குப் பணம் கட்டியிருக்கிறோம்.

அப்புறம் வற்றிப்போன போர்வெல்கள். மோட்டாரைக் கழற்றி வருஷக்கணக்கில் ஆகியிருக்கும், மின் இணைப்பை மட்டும் யாரும் துண்டித்திருக்க மாட்டார்கள். இணைப்பு இருக்கும்வரை குறைந்தபட்சக் கட்டணமாவது வந்துகொண்டேதான் இருக்கும். எனக்குத் தெரிந்த ஓர் ஊராட்சியில் இணைப்பு எண்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றும் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டபோது சிலவற்றுக்கு யாராலும் இடத்தைக் காட்ட முடியவில்லை. கேட்டவர்களுக்கே அதிர்ச்சி.

இதையெல்லாம் விட்டுவிட்டு, சிக்கனம் என்றதும் முதலில் ஆள் குறைப்பைப் பற்றிப் பேசுகிறார்கள். இதில் எனக்குக் கடும் கோபம் உண்டு. மாதம் சில ஆயிரம் ரூபாய்க்குக் குப்பை வண்டி தள்ளும் தூய்மைக் காவலரிடமா மிச்சம் பிடிப்பது? நாலு தெருவுக்கு இருந்த ஆளை எட்டுத் தெருவுக்குப் போட்டால் பணம் மிஞ்சாது, குப்பைதான் மிஞ்சும். தொட்டி கழுவுவதைத் தள்ளிப்போடுவதும், குளோரின் கலப்பதில் கை வைப்பதும் அதே ரகம். அந்தச் செலவு ஊராட்சிக் கணக்கிலிருந்து மறைந்து, வயிற்றுப்போக்கு வந்த குழந்தையின் அப்பா கட்டும் ஆஸ்பத்திரிச் செலவாக மாறும்.

ஓடந்துறையைப் பற்றிப் பலரும் படித்திருப்பீர்கள். மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்து ஊராட்சி. 2006இல் 350 கிலோவாட் காற்றாலையைச் சொந்தமாக வாங்கியது. விலை 1.55 கோடி. அப்போது வருடத்துக்கு 6.75 லட்சம் யூனிட் உற்பத்தி, ஊர்த் தேவை 4.5 லட்சம், மீதியை மின்வாரியத்துக்கு விற்றார்கள். இதைச் சொன்னதும் "அது எல்லா ஊருக்கும் ஆகுமா?" என்று கேட்கிறார்கள். ஆகாதுதான். நான் பார்க்கச் சொல்வது காற்றாலையை அல்ல. அந்த 1.55 கோடியில் சுமார் 40 லட்சம் ஊராட்சியின் சொந்தச் சேமிப்பு. மீதிதான் வங்கிக் கடன். 1996இல் தலைவராக வந்த சண்முகம் காலத்தில், ஏறிக்கொண்டே போன மின்கட்டணத்தைப் பார்த்துத்தான் வேலையை ஆரம்பித்தார்கள். சூரிய ஒளித் தெருவிளக்கு வந்தது, தண்ணீர் இறைக்க மரக்கழிவில் ஓடும் எரிவாயு இயந்திரம் வந்தது. காற்றாலை அதற்கெல்லாம் பிறகு. பில்லைப் பார்த்துக் கவலைப்பட்ட அந்த முதல் படி எந்த ஊராட்சிக்கும் முடியும், கடனும் வேண்டாம்.

2025 ஜனவரியில் 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. ஒரே அதிகாரியின் தலையில் ஒன்றியத்தில் உள்ள அத்தனை ஊராட்சிகளும். எந்த ஊரின் எந்த மோட்டார் வீணாக ஓடுகிறது என்று அவர் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. கேட்க வேண்டியது ஊரில் இருக்கும் நாம்.

வருடத்தில் ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே வாசிக்கும் வரவு செலவில் மின்கட்டணம் மொத்தமாக ஒரே வரியில் வந்துவிடும். அதை மின் இணைப்பு வாரியாகப் பிரித்துக் கேளுங்கள். எந்த இணைப்பு, எந்தத் தொட்டி அல்லது எந்தத் தெரு, போன வருடம் எவ்வளவு, இந்த வருடம் எவ்வளவு. சண்டை போட வேண்டாம், ஊராட்சிச் செயலர்மேல் சந்தேகப்பட்டுக் கேட்பது போலவும் வேண்டாம். அவருக்கும் இது உதவிதான். மனுவாக எழுதிக் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பட்டியல் கையில் வந்ததும் இளைஞர்கள் நாலு பேர் பைக்கை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மீட்டராகப் போய்ப் பார்த்துவிடலாம். உங்கள் ஊரில் யாராவது இதைச் செய்திருந்தால், என்ன கிடைத்தது என்று கீழே எழுதுங்கள். எங்கள் ஊர்ப் பட்டியல் வந்ததும் நானும் இங்கே போடுகிறேன்.