பழைய வெள்ளி நாணயங்களைத் தேய்க்காதீர்கள்

உங்கள் மாமா விட்டுச் சென்ற, கருத்துப்போன வெள்ளி நாணயங்களைப் பற்பசை போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் கூடுதல் விலை கிடைக்கும் என்று ஒருவர் உங்களுக்குச் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து அதைச் செய்துவிடாதீர்கள். நடப்பது நேர்மாறு.

அந்தக் கருமை அழுக்கு இல்லை. காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்களோடு வெள்ளி வினைபுரிந்து உண்டாகும் வெள்ளி சல்பைடு படலம் அது. பற்பசையில் இருக்கும் நுண்துகள்கள் அந்தப் படலத்தோடு சேர்த்து அடியில் உள்ள வெள்ளியையும் சுரண்டிவிடும். அச்சடித்தபோது உலோகம் பரவியதால் வந்த இயற்கை மினுக்கம் ஒருமுறை போனால் போனதுதான், திரும்ப வராது. சேகரிப்பாளர்கள் உருப்பெருக்கியில் பார்த்ததுமே மெல்லிய கீறல்களைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அரிய நாணயமாக இருந்தாலும் மதிப்பு சரிந்துவிடும். சீராகப் படிந்த நிறமாற்றத்துக்காகவே அதிகம் கொடுப்பவர்களும் உண்டு!

பச்சையாகப் பிசுபிசுப்பு இருந்தால் அது வேறு விஷயம். நாணயங்களைப் போட்டுவைக்கும் பழைய பிவிசி (ஒருவகை பிளாஸ்டிக்) உறைகளிலிருந்து கசிந்ததாக இருக்கலாம், விட்டால் நாணயத்தை அரிக்கும். தேய்க்காமல் தூய அசிட்டோன் என்ற கரைப்பானில் ஊறவைத்து எடுக்கலாம், ஆனால் அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும்.

மற்றபடி விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள். அப்புறம், மாமா கைப்பட எழுதிய உறைகளையும் சீட்டுகளையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.