ஆறிய எஞ்சினை முறுக்காதீர்கள்

கொழும்பில் பழைய பைக் பார்க்கப் போகிறவர்கள் முதலில் செய்கிற வேலை, ஸ்டார்ட் பண்ணிய கையோடு அக்சிலேட்டரை முழுசாக முறுக்கிச் சத்தம் கேட்பது. விற்கிறவரும் பெருமையோடு பார்த்துக்கொண்டு நிற்பார். எனக்கு வயிறு எரியும். 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு ஒரே பைக் எத்தனை கை மாறியிருக்கிறது! ஒவ்வொரு கையும் இப்படி முறுக்கினால் எஞ்சின் என்ன ஆகும்?

அதற்காக, கூடிய ரேஸில், அதாவது எஞ்சினை வேகமாகச் சுற்றவிட்டு, ஓட்டினாலே எஞ்சின் போய்விடும் என்று சிலர் சொல்வதும் பிழை. 150 சிசி பைக்குகள் பல நிமிடத்துக்கு 8000 சுற்றுக்குக் கிட்டத்தான் முழு வலுவையும் தரும். எஞ்சின் சூடேறி, ஒயில் அளவாக இருந்து, கியரில் ஓடும்போது மீட்டரில் சுற்றின் எல்லையைக் காட்டுகிற சிவப்புக் கோட்டுக்குக் கிட்ட இடைக்கிடை இழுத்தால் ஒன்றும் ஆகாது.

ஆறிய எஞ்சின் வேறு கதை. கொழும்பு வெக்கைக்கு எஞ்சின் எப்பவும் சூடுதானே என்பார்கள். 30 பாகை எங்களுக்குத்தான் வெக்கை. ஒயிலுக்கு 80 பாகையாவது வேண்டும். இரவு முழுக்க நின்ற பைக்கில் ஒயில் அடியில் இறங்கிக் கிடக்கும். பம்ப் அதை மேலே வால்வுகளைத் திறக்கிற கேம் வரை கொண்டுபோகச் சில விநாடிகள் எடுக்கும். பிஸ்டனும் சிலிண்டரும் ஒரே வேகத்தில் சூடாகி விரிவதுமில்லை. அந்த நேரம் பார்த்து 8000 சுற்றுக்கு ஏற்றினால், பிஸ்டன் நிமிடத்துக்கு 16,000 தடவை நின்று திரும்ப வேண்டும். சுற்று இரண்டு மடங்கானால் பிஸ்டனைப் பிடித்திருக்கிற கனெக்டிங் ராட் அதை நிறுத்தித் திருப்பத் தாங்கவேண்டிய விசை நான்கு மடங்கு.

நியூட்ரலில் முறுக்குவதால் வாங்குகிறவருக்கும் லாபமில்லை. சுமையே இல்லாதபோது கிளட்ச் வழுக்குகிறதா, இழுவை குறைந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்? காற்றில் ஆறுகிற எஞ்சினுக்கு, நின்ற இடத்தில் காற்றும் படாது. வலுவை அளக்கிற டைனோ மெஷினில் பைக்கை ஏற்றிப் பார்க்கிறவர்கள் முன்னால் பெரிய ஃபேன் வைப்பது அதனால்தான்.

சுற்று எல்லை மீறாமல் தடுக்கிற லிமிட்டர் இருக்கிறதே என்று நம்பி ஓடுகிற தம்பிமாருக்கு ஒன்று. அது ஸ்பார்க்கையோ பெட்ரோலையோ வெட்டும், அவ்வளவுதான். வேகத்தில் போகும்போது தவறி இரண்டு கியர் இறக்கினால் பின்சில்லே எஞ்சினை இழுத்துச் சுற்றும்; லிமிட்டரால் அதை நிறுத்த முடியாது. வால்வு பிஸ்டனில் அடித்து வளைந்தால், அப்புறம் சாமானுக்கு, உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தை முழுக்க அலைய வேண்டும்.

பைக் வாங்கப் போனால் முதலில் எஞ்சினில் கையை வைத்துப் பாருங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால், ஆறவிட்டு ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொல்லுங்கள். ஒயில் எரிவதைக் காட்டுகிற நீலப் புகை வருகிறதா என்று பாருங்கள். பத்து, பதினைந்து நிமிடம் மெதுவாக ஓடிவிட்டு மூன்றாம் கியரில் இழுங்கள். விற்கிறவர்களே, அதற்கு முதல் யாராவது முறுக்கினால் தயங்காமல் சாவியைத் திருப்பி நிறுத்துங்கள்.