காப்பெல்லா ரொமானா குழு ஹாகியா சோபியாவுக்குள் பாடவில்லை

காப்பெல்லா ரொமானா என்ற அமெரிக்கப் பாடகர் குழுவின் 2019 இசைத்தட்டு, இஸ்தான்புல்லில் ஒருகாலத்தில் தேவாலயமாக இருந்த ஹாகியா சோபியாவுக்குள் ஒலிப்பதிவு செய்யப்பட்டது என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. அவர்கள் பாடியது அமெரிக்காவில், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக அரங்கில்.

இஸ்தான்புல்லில் பதிவானது பலூன் வெடிக்கும் சத்தம் மட்டுமே. 2010இல் அந்தக் கட்டடம் அருங்காட்சியகமாக இருந்தது. உள்ளே பாட அனுமதி இல்லை. அந்த இடம் ஒலியை எப்படி எதிரொலிக்கிறது என்று அறிய ஆய்வாளர்கள் பலூனை வெடித்து, குவிமாடத்தின் கீழ் அந்த ஒலி ஏறத்தாழ 11 நொடிகள் கரைந்து அடங்குவதைப் பதிவு செய்தார்கள். பலூனின் 'டப்' ஒலி எதிரொலியை அளக்கத் தேவையான துல்லியமான ஒற்றைத் துடிப்பு அல்ல என்பதால் அதைக் கணக்கிட்டுத் திருத்தவும் வேண்டியிருந்தது. பிறகு ஒவ்வொரு பாடகரின் குரலையும் தனி மைக்கில் எடுத்து, அந்த எதிரொலிப்போடு கணினியில் இணைத்தார்கள்.

அதற்காக இதை 'போலி எக்கோ' என்று ஒதுக்குவதையும் ஏற்க முடியாது. பாடும்போதே அந்த முழக்கம் பாடகர்களின் காதில் விழுந்தது. முந்தைய சுரம் இன்னும் காற்றில் நிற்கும்போது அடுத்ததை எப்போது எடுப்பது, எவ்வளவு நிதானமாகப் பாடுவது என்பதையெல்லாம் அதைக் கேட்டுத்தான் தீர்மானித்தார்கள். பாடி முடித்த பிறகு மேலே பூசிய எஃபெக்ட் அல்ல அது.