சிஐஏ ட்ரோன்: அண்ணன் சொன்னதில் ஒரு திருத்தம்

"ராணுவம் அடித்தால் என்ன, சிஐஏ அடித்தால் என்ன? பெயர் தெரிந்த பயங்கரவாதியைத்தான் ட்ரோன் குறிவைக்கும்" என்று, 2022ல் காபூலில் அல்-கொய்தா தலைவர் ஜவாஹிரியை அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ ட்ரோனால் கொன்றதைக் காட்டி காவேரிப்பட்டினத்து அண்ணன் எழுதியிருக்கிறார். ஜவாஹிரி விஷயம் உண்மை. மீதி இரண்டும் சரியில்லைங்கண்ணா.

பெயரே தெரியாமல், நடமாட்டத்தை மட்டும் வைத்து அடித்ததும் உண்டு. 2011 மார்ச் 17, பாகிஸ்தானின் வடக்கு வஜீரிஸ்தான், தத்தா கேல். குரோமைட் சுரங்கத் தகராறைப் பேசித் தீர்க்கப் பெரியவர்கள் திறந்தவெளியில் கூடியிருந்தார்கள். நம்ம பர்கூர் பக்கம் கிரானைட் குவாரித் தகராறுக்குப் பஞ்சாயத்து உட்கார்ந்த மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். தாலிபான் ஆட்கள் சிலரும் இருந்ததாகச் செய்தி, அதை மறைக்கவில்லை. சிஐஏ ட்ரோனின் ஏவுகணை விழுந்து சுமார் 40 பேர் செத்தார்கள். பாகிஸ்தான் ராணுவத் தளபதி கயானியே வெளிப்படையாகக் கண்டித்தார்.

யார் அடித்தது என்பதும் முக்கியம். 2021 ஆகஸ்ட் 29 காபூலில் 7 குழந்தைகள் உட்பட 10 அப்பாவிகளைக் கொன்றது அமெரிக்க ராணுவ ட்ரோன். மூன்று வாரத்துக்குள் பென்டகன், அதாவது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, தவறை ஒப்புக்கொண்டது (நிருபர்கள் துருவியெடுத்த பிறகுதான்!). சிஐஏ செய்வது ரகசிய நடவடிக்கை. ஜவாஹிரி மாதிரி ஆள் சிக்கினால் அதிபரே டிவியில் வந்து அறிவிப்பார். தத்தா கேல் மாதிரி என்றால் வழக்கமாக வாயே திறக்க மாட்டார்கள். போர்க்களத்துக்கு வெளியே செத்த பொதுமக்கள் எத்தனை என்று ஆண்டுதோறும் சொல்ல 2016ல் ஒபாமா உத்தரவு போட்டார். 2019 மார்ச்சில் ட்ரம்ப் அதையும் ரத்து செய்துவிட்டார்.