டிராகனுக்கு ஏது மீட்டர்?

(மின்சாரத் துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்ற பெரியப்பா. தம்பி மகள் வெண்ணிலா கையில் 'எராகன்' நாவல்.)

பெரியப்பா: என்னம்மா, அட்டையில நீலக் கலர் ஓணான்?

வெண்ணிலா: டிராகன் பெரியப்பா! பேரு சஃபீரா. அதுமேல பறக்கிற பையன்தான் எராகன்.

பெரியப்பா: வெறும் முதுகுலயா?

வெண்ணிலா: முதல் தடவை அப்படித்தான். செதில் உரசி உள்தொடை ரெண்டும் தோலுரிஞ்சு போச்சு. அப்புறம்தான் ப்ரோம்னு ஒரு பெரியவர் தோல்ல சேணம் தைச்சுக் குடுத்தார்.

பெரியப்பா: சேஃப்டி சாமான் எப்பவும் அடிபட்டப்புறம்தான் வரும். மந்திரம் உண்டா?

வெண்ணிலா: 'பிரிசிங்கர்'னு சொன்னா நெருப்பு வரும்.

பெரியப்பா: சும்மா வருமா? கரண்ட் எங்கேருந்து?

வெண்ணிலா: அவன் உடம்புலேருந்துதான். கையால செஞ்சா எவ்வளவு தெம்பு போகுமோ, மந்திரத்துக்கும் அவ்வளவே போகும். பாறையைத் தூக்கினா, தூக்கின களைப்பு.

பெரியப்பா: அப்ப கையாலயே தூக்கலாமே!

வெண்ணிலா: (முறைத்து) எட்டாத தூரத்துல இருந்தா? ஆனா தூரம் கூடக் கூடச் செலவும் கூடும்.

பெரியப்பா: (நிமிர்ந்து) லைன் லாஸ்! எழுதினவர் விவரமானவர்தான். எந்த டிவிஷன்?

வெண்ணிலா: அமெரிக்காவுல மொன்டானா. கிறிஸ்டோபர் பவுலினி. எழுத ஆரம்பிச்சப்ப வயசு 15. 2002ல வீட்டுக்காரங்களே அச்சுப் போட்டு வித்தாங்க. மறுவருஷம் பெரிய பதிப்பகம் எடுத்துக்கிச்சு.

பெரியப்பா: அதிருக்கட்டும், ஓவர்லோடு ஆனா?

வெண்ணிலா: ஆள் காலி. தெம்பு தீர்ந்தாலும் மந்திரம் விடாது, உசுரையும் சேர்த்து உறிஞ்சிடும். அதனாலதான் ஒரோமிஸ்னு ஒரு குரு சொல்லித் தருவார்: 'இதை முடி'ன்னு ஒரேயடியா கட்டளை போடாதே, நடுவுல நிறுத்த முடியிற மாதிரி சொல்லுன்னு.

பெரியப்பா: ஃபியூஸ் போடச் சொல்றார். பேட்டரி?

வெண்ணிலா: ரத்தினக் கல்லுல தெம்பைச் சேத்து வைக்கலாம். குரு குடுத்த இடுப்புப் பட்டையில 12 வைரம் இருக்கு. சண்டை இல்லாத நாள்ல கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி வச்சுக்கணும்.

பெரியப்பா: இன்வெர்ட்டரை இடுப்புல கட்டிட்டு அலையிறான்! வில்லன் யாரு?

வெண்ணிலா: கால்படோரிக்ஸ், ராஜா. யாராலயும் அசைக்க முடியாது. ஏன்னு மூணாவது புத்தகத்துலதான் உடைப்பாங்க. டிராகன் உடம்புக்குள்ள எல்டுனாரின்னு கல்லு மாதிரி ஒண்ணு இருக்கும். உயிரோட இருக்கும்போதே அதை வெளிய கக்கிட்டா, உடம்பு செத்தாலும் உயிரும் தெம்பும் அதுல தங்கிடும். அந்த ராஜா அப்படி நூத்துக்கணக்குல பறிச்சு வச்சுக்கிட்டு...

பெரியப்பா: (எழுந்தே விட்டார்) அதுலேருந்து இழுக்கிறானா? கொக்கி! கொக்கி போட்டுத் திருடுறான்! பறக்கும் படையை அனுப்ப வேண்டியதுதானே?

வெண்ணிலா: அதைத்தான் பெரியப்பா நாலு புத்தகமா அனுப்பிட்டிருக்காங்க!

பெரியப்பா: நாலா?

வெண்ணிலா: எழுதினவர் முதல்ல மூணுன்னுதான் சொன்னார். மூணாவது நீண்டுக்கிட்டே போனதால ரெண்டாப் பிரிச்சுட்டார். அடுத்த மூணும் வந்தது 2005, 2008, அப்புறம் 2011. கடைசி ஒண்ணு மட்டும் 800 பக்கத்துக்கு மேல.

பெரியப்பா: எஸ்டிமேட் ரிவைஸ் ஆகாத வேலை எங்க இருக்கு? சரி, முடிவுல அந்த ராஜா வெடிச்சுத்தானே செத்தான்?

வெண்ணிலா: ஐயோ! நாலாவது புத்தகத்தை யாரு உங்க கையில குடுத்தது?

பெரியப்பா: புத்தகம் எதுக்கும்மா? அத்தனை லோடையும் ஒத்தை ஆள் மேல ஏத்தினா, வேற என்ன ஆகும்?