மிஷனரிகள் தேடியது ஆண்களை, சர்ச்சுக்கு வந்தது பெண்கள்

மாசாய் என்பவர்கள் கிழக்கு ஆப்பிரிக்காவில் மாடு மேய்த்து வாழும் மக்கள். "வீட்டில் அடக்குமுறை, அதனால்தான் மாசாய் பெண்கள் கிறிஸ்தவத்துக்குப் போனார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. அந்தப் பெண்களின் பழைய மதத்தைப் பற்றி அவர்கள் ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை.

மாசாய் மொழியில் ஆண்பாலா பெண்பாலா என்பதைச் சொல்லின் முன்னொட்டுதான் சொல்லும். எங்கிடெங் என்றால் பசு, ஒல்கிடெங் என்றால் எருது. அவர்களுடைய கடவுள் எங்காய். அதுவும் பெண்பால், வானத்துக்கும் மழைக்கும் அதே சொல்தான். விடிகாலையில் பால் கறந்ததும் சுரைக்குடுக்கையிலிருந்து நாலு சொட்டுத் தெளித்து எங்காயை வேண்டிக்கொள்வது பெண்களின் வேலை. குறி சொல்வதும் மருந்து கொடுப்பதும் ஒலொய்போனி என்ற ஆணிடம் இருந்தன. அன்றாடப் பிரார்த்தனை மட்டும் எப்போதும் பெண்கள் கையில்.

இதற்கு நடுவில் காலனி ஆட்சி வந்தது. வரி, மாட்டுச் சந்தை, காசு எல்லாவற்றுக்கும் குடும்பத்தலைவன் என்று ஆணையே பிடித்தது. மாடுகள் மேல் பெண்களுக்கு இருந்த உரிமை தேய்ந்தது.

வடக்கு தான்சானியாவில் கத்தோலிக்க ஸ்பிரிட்டன் சபையார் முதலில் பையன்களைப் பள்ளியில் சேர்த்துப் பார்த்தார்கள். 1966-இல் லொலியோண்டோவிலிருந்து அந்தச் சபையின் குரு வின்சென்ட் டொனோவன் தன் ஆயருக்கு எழுதினார்: மிஷனின் பலன் பூஜ்யம், இனி நேராகக் குடியிருப்புகளுக்கே போய்க் கடவுளைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று. அங்கேயும் அனுமதி கேட்டது ஆண் பெரியவர்களிடம்தான். ஆனால் விடாமல் வந்தவர்கள் பெண்கள். கூட்டம் எத்தனை மணிக்கு என்பதுகூட கறவை, தண்ணீர், விறகு வேலை முடிவதைப் பொறுத்தது.

கணவன் தடுத்தால்? அங்கேதான் ஒர்பெகோ வருகிறது. பெண்களைப் பிடிக்கும் ஆவி. சொல் மட்டும் ஆண்பால்! உடம்பு நடுங்கும், கெட்ட கனவு வரும், மயங்கி விழுவாள். ஒலொய்போனியின் மருந்துக்கு அது அடங்காது. ஞானஸ்நானம் ஒன்றே தீர்வு என்று ஊரே நம்பியது. மனைவி நோயில் கிடக்கும்போது "போகாதே" என்று எந்தக் கணவனால் சொல்ல முடியும்? இதை நடிப்பு என்று தள்ளுவதில் எனக்கு உடன்பாடில்லை. நோயும் நிஜம், அதனால் திறந்த கதவும் நிஜம்.

ஆண்கள் ஒதுங்கியதற்குப் பெரிய தத்துவம் தேட வேண்டாம். இளைஞர்களுக்குத் தங்கள் வயதுக்குழுச் சடங்குகள் இருந்தன. பெரியவர்களுக்குப் பலதாரம் குறுக்கே நின்றது: மூன்று மனைவி உள்ளவன் ஞானஸ்நானம் பெற வேண்டுமானால் இருவரை விலக்க வேண்டும். விலக்கப்பட்டவர்களும் அவர்கள் பிள்ளைகளும் எங்கே போவார்கள்? மாசாய் மக்களிடையே பணியாற்றிய யூஜின் ஹில்மன் இந்த விதியையே மறுபரிசீலனை செய்யச் சொல்லி வாதாடினார். ரோம் அசையவில்லை.

இந்தச் சர்ச்சுகளில் பெண்களுக்குக் கிடைத்தது வீட்டு ஆண்களின் கண்ணுக்கு அப்பால் கூடிப் பேச, பாட, சேர்ந்து ஜெபிக்க ஓர் இடம். என் பார்வையில் அவர்கள் எங்காயை விட்டுப் போகவே இல்லை. சர்ச்சிலும் கடவுளுக்கு அதே பெயர்தான். பீடத்தில் நின்று பூசை வைப்பவர் மட்டும் இன்றைக்கும் ஆண்.