ஸ்டெபிலைசர் சத்தம்

(சென்னை ரிச்சி தெரு. மாடிப்படிக்கு அடியில் ஒரு கணினி உதிரிபாகக் கடை. பணி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் மஞ்சள் பையிலிருந்து ஓர் இரும்புப் பெட்டியை எடுத்து மேசையில் வைக்கிறார்.)

பெரியவர்: தம்பி, இதற்குக் கரன்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் ஒன்று வேண்டும். சின்னதாக இருக்க வேண்டும், சத்தமே வரக்கூடாது, ஆனால் 850 வாட்ஸாவது இருக்கட்டும்.

கடைக்காரர்: 850-ஆ? உள்ளே என்ன சார் ஓடுகிறது, மாவு மில்லா?

பெரியவர்: நாஸ் தம்பி, வீட்டு நெட்வொர்க்கில் ஃபைல்களைச் சேமித்து வைக்கிற பெட்டி. நாலு ஹார்ட் டிஸ்க். பெண் கல்யாண வீடியோ, பேத்தி படங்கள், நான் கேசட்டிலிருந்து ஏற்றி வைத்த நாகஸ்வரக் கச்சேரி, எல்லாம் இதற்குள்தான்.

கடைக்காரர்: ஒரு டிஸ்க் கிளம்பும்போது 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும், 25 வாட்ஸ் என்று வையுங்கள், நாலுக்கும் 100, போர்டு பிராசசர் எல்லாம் சேர்த்தாலும் 150 பக்கம் வந்து நின்றுவிடும், அதுவும் சில நொடிதான். அப்புறம் மொத்தப் பெட்டிக்கும் 40 வாட்ஸ். ஒரு டம்ளர் காபிக்கு அண்டாவையா அடுப்பில் ஏற்றுவீர்கள்?

பெரியவர்: திடீரென்று நாலு பேர் வந்துவிட்டால்?

கடைக்காரர்: எங்கே உட்காருவார்கள்? பெட்டியில் இருப்பதே நாலு இடம்.

பெரியவர்: கோல்ட் என்று போட்டிருந்தால் பெரியதிலும் கரன்ட் மிச்சமாகும் என்று தம்பி மகன் சொன்னானே.

கடைக்காரர்: அந்த 80 பிளஸ் கோல்ட் என்பது கரன்ட் அதிகம் வீணாகாமல் இருப்பதற்குக் கொடுக்கிற முத்திரை. அதற்குச் சோதனை செய்வது 20, 50, 100 சதவீத லோடில். உங்கள் 40 வாட்ஸ் 850-ல் 5 சதவீதம்கூட இல்லை, அங்கே அந்த முத்திரை வாயே திறக்காது. 450-லும் 9 சதவீதம்தான், பொய் சொல்லக்கூடாது. என்னிடம் இருப்பதில் நல்லதும் சின்னதும் அதுதான்.

பெரியவர்: 40 வாட்ஸ் என்றால் இரண்டு மாதத்துக்கு எவ்வளவு ஆகும்?

கடைக்காரர்: இரவு பகலாக ஓடினால் 58 யூனிட்.

பெரியவர்: (குரலைத் தாழ்த்தி) இலவச 100 யூனிட்டில் பாதிக்கு மேல் இதுவே தின்கிறதா! வீட்டில் தெரிந்தால் தொலைந்தேன்.

கடைக்காரர்: வீட்டில் தெரியாதா?

பெரியவர்: "வயர் தொங்கும் பெட்டி இன்னொன்று உள்ளே வந்தால் நீங்கள் வெளியே" என்று சொல்லிவிட்டாள். அதனால் ஃபிரிட்ஜ் மேல் வைத்து, ஸ்டெபிலைசர் என்று சொல்லியிருக்கிறேன். எட்டு மாதமாக ராத்திரி முழுக்க உய்ய்ய் என்று கத்துகிறது. "ஸ்டெபிலைசர் ஏன் அழுகிறது" என்று தினமும் கேட்கிறாள்.

கடைக்காரர்: ஃபிரிட்ஜ் மேலேயா? அந்த அதிர்வு டிஸ்குக்கு ஆகாது சார். (பெட்டியைத் திறக்கிறார்) அழாமல் என்ன செய்யும்? எஸ்எஃப்எக்ஸ் அளவு எஸ்எம்பிஎஸ் போட வேண்டிய ஓட்டையில் தகடு வைத்து அடைத்து, அதைவிட ஒல்லியான ஃப்ளெக்ஸ் போட்டிருக்கிறார்கள். 4 சென்டிமீட்டர் ஃபேன், அது எவ்வளவு காற்றை இழுக்கும்? வெறி பிடித்த மாதிரி சுற்றினால்தான் சூடு வெளியே போகும். எஸ்எஃப்எக்ஸில் 92 மில்லிமீட்டர் ஃபேன், லோடு குறைவாக இருந்தால் சுற்றாமல் சும்மாவே நிற்கும்.

பெரியவர்: நின்றால் எரிந்துவிடாதா?

கடைக்காரர்: சூடானால் தானே சுற்றும். மே மாதத்தில் நீங்களே பார்ப்பீர்கள்.

பெரியவர்: (சட்டைப் பையிலிருந்து செய்தித்தாள் துண்டு ஒன்றை விரித்து) ஓட்டை அளவைக் கத்தரித்தே கொண்டுவந்துவிட்டேன்.

கடைக்காரர்: பிளவுஸ் தைக்கக் கொடுக்கிற மாதிரி! சரியாகத்தான் இருக்கிறது. 125-க்கு 63.5 மில்லிமீட்டர்.

பெரியவர்: எஸ்எஃப்எக்ஸ்-எல் என்று ஒன்று உண்டாமே, 120 மில்லிமீட்டர் ஃபேனோடு?

கடைக்காரர்: அது 13 சென்டிமீட்டர் நீளம், இது 10. அந்த மூன்று சென்டிமீட்டரில்தான் உங்கள் கேபிள் எல்லாம் வளைய வேண்டும், இல்லையென்றால் டிஸ்க் கூண்டில் முட்டும். (ஒரு வயரைத் தூக்கிப் பிடித்து) இது என்ன?

பெரியவர்: பழைய மோலெக்ஸ் கரன்ட் பின்னை டிஸ்க்கில் செருகுகிற சாட்டா பின்னாக மாற்றுகிற வயர். டேப் நான் சுற்றியது.

கடைக்காரர்: இப்படி பிளாஸ்டிக்கை வார்த்து மூடிய வகையில் உள்ளே கம்பி விலகி ஒன்றோடொன்று தொட்டால் தீப்பிடிக்கும் சார். கச்சேரி, கல்யாணம் எல்லாம் போய்விடும். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே நேராக நாலு சாட்டா வருகிற மாதிரி தருகிறேன்.

(பெரியவரின் போன் அடிக்கிறது.)

பெரியவர்: சொல்லு... கோயிலிலிருந்து வந்துவிட்டாயா? என்ன, திருடன் வந்தானா? இல்லையில்லை, நான்தான்... ஃபிரிட்ஜை எதற்கு அணைத்தாய்? மெக்கானிக்கா? உட்கார்ந்திருக்கிறாரா! சரி, சரி, வருகிறேன். (போனை வைத்துவிட்டு, கர்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு) தம்பி, இந்த 450-ஐப் போட்டுவிடு. அப்புறம், இங்கே ஸ்டெபிலைசர் எங்கே கிடைக்கும்?

கடைக்காரர்: பக்கத்துத் தெருவில். எத்தனை கேவிஏ?

பெரியவர்: அது எதுவானாலும் சரி. உய்ய்ய் என்று சத்தம் வருகிற மாதிரி ஒன்று.